உக்காரு தாயி

1

என் வீட்டில் ஒரு மேசை இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் இடுப்பு உயரத்திலிருந்து நெஞ்சு உயரத்துக்கு எழும்பும். விலை 24,000 ரூபாய். நாள் முழுக்க உட்கார்ந்தே கோட் எழுதினால் முதுகு போய்விடும் என்று பிசியோதெரபிஸ்ட் பயமுறுத்தியதால் வாங்கியது. ஆடி மாதம் ஊரிலிருந்து வந்த அம்மா, பையைக் கீழே வைத்த கையோடு அந்த மேசையைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இது எதுக்குய்யா இம்புட்டு ஒசரம்?”

“நின்னுக்கிட்டே வேலை பாக்குறதுக்கும்மா.”

“நிக்கிறதுக்கா காசு குடுத்த?”

கிண்டல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 28 வருடம் சத்துணவு சமைத்தவள் அம்மா. நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கான சாம்பாரை உட்கார்ந்து கிண்ட முடியாது. அவள் கெண்டைக்காலில் பச்சை நரம்புகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டு கிடக்கும். சின்ன வயதில் அவற்றை ஆறு என்றும் ஓடை என்றும் பெயர் வைத்து விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

சென்னைக்கு நான் வந்து பதினோரு வருடம் ஆகிறது. இடையில் ஆறேழு முறை அம்மா வந்திருக்கிறாள். ஆனால் ஊரைப் பார்த்ததில்லை. வந்தால் என் அடையாறு வாடகை வீட்டின் சமையலறையைப் பார்ப்பாள், கழுவுவாள், கிளம்பிவிடுவாள். இந்தமுறை நான் ஒரு வாரம் லீவு போட்டேன். கூகுள் ஷீட்டில் பட்டியல் போட்டேன். திங்கள் மயிலாப்பூர், செவ்வாய் தி.நகர், புதன் தீம் பார்க், வெள்ளி அடையாறு ஆலமரம், ஞாயிறு மெரினா. அவசரமில்லாத ஒரு வாரம். அம்மாவை உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் உள்நோக்கம்.

ஊர் சுற்றிப் பார்ப்பதில் தத்துவச் சிக்கல் எதுவும் இருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க ஒரே கேள்விதான் வெவ்வேறு இடங்களில் வந்து முன்னால் நின்றது. நான் உட்கார்வதற்காக யார் நின்றுகொண்டிருக்கிறார்கள்? அப்படி ஒருவர் நிற்பது சரியா?

2

மயிலாப்பூரில் முதலில் முண்டகக்கண்ணி அம்மன் கோயில். ஆடிக் கூட்டம். வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு அங்கிருந்து கபாலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தோம். உள்ளே பூம்பாவையின் சந்நிதி முன்னால் நின்று கதையைச் சொன்னேன். சிவநேசர் என்ற வணிகரின் மகள். பாம்பு கடித்து இறந்துபோகிறாள். அப்பா அவளுடைய எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் வைத்துக் காத்திருக்கிறார். சம்பந்தர் வந்து ஒரு பதிகம் பாடுகிறார், குடத்திலிருந்து பெண் எழுந்து வருகிறாள்.

நான் நாத்திகனும் இல்லை, பெரிய பக்தனும் இல்லை. ஆனால் அந்தப் பதிகத்தின் தர்க்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். செத்துப்போன ஒரு பெண்ணிடம் திரும்பி வா என்று சொல்ல என்ன காரணம் காட்டலாம்? அப்பா அழுகிறார் எனலாம். வாழ்க்கை புனிதமானது எனலாம். சம்பந்தர் அதையெல்லாம் சொல்லவில்லை. மயிலையின் திருவிழாக்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். ஒவ்வொன்றையும் சொல்லி, இதைப் பார்க்காமலே போய்விடுவாயா என்று கேட்கிறார். ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் ஒரு பெண்ணை மரணத்திலிருந்து மீட்டது கிட்டத்தட்ட ஒரு சுற்றுலாப் பட்டியலைக் காட்டி.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: “சரியாத்தான் கேட்டிருக்காரு. பாவம், ஒண்ணும் பாக்காத பிள்ளை.”

அதை அவள் யாரைப் பற்றிச் சொன்னாள் என்று குளத்துப் படிக்கட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சம்பந்தரின் பட்டியலில் இருப்பவை எல்லாம் திருவிழாக்கள். திருவிழா என்றால் ஊருக்கே ஒரே நாளில் கொண்டாட்டம். டூர் அப்படி இல்லை. என் லீவு நாள் இன்னொருவரின் வேலை நாள். நான் வேடிக்கை பார்க்கிற இடத்தில்தான் அவர் ஷிப்டில் இருக்கிறார். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று மறுநாள் தெரிந்தது.

3

ஆடித் தள்ளுபடி சமயத்தில் தி.நகருக்கு அம்மாவைக் கூட்டிப்போனது என் தப்புதான். ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நகர்த்திக்கொண்டு போய்விடும். ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் காட்டன் சேலைப் பிரிவு. அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். எதிரே சீருடைச் சேலையில் ஒரு பெண். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டு வார்த்தை பேசியதுமே அம்மா பிடித்துவிட்டாள். “நீ எந்தூரு தாயி? நம்ம பக்கம் மாதிரில்ல பேசுற.”

“கோவில்பட்டி பக்கம்மா.”

அதோடு சேலை ஓரமாகப் போய்விட்டது. எத்தனை வருடமாக வேலை, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார் என்று விசாரணை நடந்தது. அந்தப் பெண் பதில் சொன்னபடியே எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றிக்கொண்டாள். அம்மாவின் கண் சட்டென்று கீழே போனது. அந்த அசைவை 28 வருடம் செய்தவள் அவள்.

“ஏன் தாயி நின்னுக்கிட்டே இருக்க? உக்காந்து விரிச்சுக் காட்டேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

“பரவாயில்லம்மா.”

“அட, உக்காரு தாயி.”

அந்தப் பெண் சிரித்தாள். கையால் எதையும் காட்டாமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேலே பார்த்தாள். கேமரா. கவுன்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்ததையும் நான் பார்த்தேன். அதன்மேல் சேலைக் கட்டுகள் அடுக்கியிருந்தன.

அம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “அப்ப நானும் நிக்கேன்” என்று சொல்லிவிட்டு நின்றபடியே சேலை பார்க்க ஆரம்பித்தாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா எவ்வளவு பெரிய மனுஷி என்று தோன்றியது. இதை எங்கேயாவது எழுத வேண்டும் என்றுகூடத் தோன்றியது. அதற்குள் டை கட்டிய ஒருவர் வேகமாக வந்தார். எங்களிடம் புன்னகையோடு, “ஏம்மா நிக்கிறீங்க? உக்காருங்க, உக்காருங்க.” அந்தப் பெண்ணிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “கஸ்டமரை ஏன் நிக்க வெச்சிருக்க?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அவசரமாக உட்கார்ந்தாள். கையில் கிடைத்த சேலையை எடுத்துக்கொண்டோம். ஊதா நிறம், அம்மாவுக்குப் பிடிக்காத நிறம். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆட்டோவில் அம்மா சொன்னது இவ்வளவுதான்: “நான் செஞ்சது அவளுக்குத்தான் வினையாப் போச்சு.”

4

அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். நின்றபடி அல்ல, சோபாவில் சாய்ந்தபடி.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. மூலச் சட்டம் 1947ஆம் ஆண்டினுடையது. அதில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடைகளில் வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை தரவேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடியவேண்டும். இதைத்தான் ‘உட்காரும் உரிமை’ என்று செய்தித்தாள்கள் எழுதின. 2018இலேயே கேரளம் இதைச் செய்திருந்தது. அதற்குப் பின்னால் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த பி. விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் நடத்திய பல வருடப் போராட்டம் இருக்கிறது. முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. அடுத்து நாற்காலி. இங்கிலாந்தில் 1899இலேயே கடை உதவியாளர்களுக்கான இருக்கைச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்கவேண்டும் என்பது அதன் விதி. லண்டனிலிருந்து தி.நகருக்கு ஒரு ஸ்டூல் வந்து சேர 122 வருடம் பிடித்திருக்கிறது. வந்த பிறகும் அதன்மேல் சேலைக்கட்டு.

வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ வந்தது 2010இல். படம் பார்த்துவிட்டு அழுதவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகும் எத்தனையோ தீபாவளிக்கு அதே தெருவில் துணி எடுத்திருக்கிறேன். யாராவது நின்றுகொண்டிருந்தார்களா என்று கேட்டால் ஞாபகமில்லை. எல்லோரும் நின்றுகொண்டிருந்தால் யாரும் நிற்பதாகத் தெரியாது.

ஓய்வைப் பற்றிப் பேசுகிற எவரும் அரிஸ்டாட்டிலிடம் வராமல் போக முடியாது. நாம் உழைப்பதே ஓய்வுக்காகத்தான், ஓய்வில்தான் மனிதன் முழுமையாகிறான் என்று நினைத்தவர் அவர். அந்த ஓய்வுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வீட்டில் அடிமைகள் வேலை செய்தால்தான் குடிமகன் தத்துவம் பேசலாம். அரசியல் பற்றிய நூலில் ஒரு கற்பனை செய்கிறார். தறியின் நாடா தானே ஓடி நெய்தால், யாழ் தானே மீட்டிக்கொண்டால் எஜமானருக்கு அடிமை தேவைப்படாது என்கிறார். நடக்காத காரியம் என்ற தொனியில்தான் சொல்கிறார். அது நடந்துவிட்டது. நாடா தானே ஓடுகிறது. கடையின் பில்லும் ஸ்டாக்கும் தாமே ஓடுகின்றன. அப்படி ஓடுவதற்கான மென்பொருளைத்தான் நானும் என் நண்பர்களும் எழுதுகிறோம். ஆனாலும் அந்தப் பெண் நிற்கிறாள்.

ஏன்? இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவள் நிற்பதால் எந்த வேலையும் நடப்பதில்லை. சேலையை உட்கார்ந்தும் விரிக்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் நிற்பதால் ஒரு மீட்டர் துணிகூடக் கூடுதலாக விற்காது. நிற்பது வேலையின் பகுதியே இல்லை. வேலைக்கு மேலே போட்ட வரி அது. அந்த வரியைக் கடைக்காரர் வசூலிக்கிறார், ஆனால் போய்ச் சேர்வது எனக்கு. நான் மாடியேறி வரும்போது ஒருவர் எனக்காக நின்றுகொண்டிருக்கிறார் என்ற உணர்வு, அரைமணி நேரம் ஜமீன்தாராக இருக்கிற சுகம், சேலையோடு சேர்த்துப் பொட்டலம் கட்டித் தரப்படுகிறது.

நம் ஊரில் உட்கார்வது வெறும் உடம்பு சம்பந்தப்பட்ட காரியமாக என்றைக்கு இருந்திருக்கிறது? யார் திண்ணையில் உட்காரலாம், யார் டீக்கடை பெஞ்சில் உட்காரலாம், யார் வந்தால் யார் எழ வேண்டும் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்த நாடு இது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்து மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. நாற்காலி பற்றாக்குறை அங்கே பிரச்சினை இல்லை. எவ்வளவு உயரத்தில் யார் என்பதுதான் பிரச்சினை. ஜவுளிக்கடை கவுன்டரில் ஓடுவது அதே பழைய மென்பொருள்தான், புது வெர்ஷனில்.

5

இதையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு தீம் பார்க்குக்குப் போகக்கூடாது. ஆனால் டிக்கெட் போட்டாயிற்று.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது என் பழைய கடன் ஒன்று ஞாபகம் வந்தது. 1998இல் ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில் வி.ஜி.பி.க்கு வந்திருக்கிறேன். அங்கே சிலை மனிதர் இருந்தார். அந்தத் தலைமுறைக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. தலைப்பாகை, மீசை, ராஜா வீட்டுக் காவலாளி போல உடுப்பு. மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார். அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு என்று சொன்னார்கள். நாங்கள் நாற்பது பிள்ளைகள். பல்லை இளித்தோம், குரங்கு போல ஆடினோம், வாத்தியாரைப் போலப் பேசிக்காட்டினோம். கடைசியில் நான் “அண்ணே, பாம்பு!” என்று அவர் காலடியைக் காட்டிக் கத்தினேன். கண்ணிமை மட்டும் ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மீசைக்குள் போனது. அதை அவர் துடைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். எனக்கு ஏனோ பாட வரவில்லை.

சேலைக்கடைப் பெண்ணையும் சிலை மனிதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருவரும் நிற்கிறார்கள், இரண்டும் ஒன்றா? இல்லை என்றுதான் தோன்றுகிறது. சிலை மனிதருக்கு நிற்பதுதான் தொழில், அதுதான் அவர் வித்தை. அதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து அவரைத் தோற்கடிக்க முயன்று தோற்றுப்போனோம். அந்த இடத்தில் ஜெயித்தவர் அவர். அதில் அசிங்கம் எங்கேயாவது இருந்தது என்றால் அது என் பாம்பில்தான் இருந்தது. சேலைக்கடையில் நிற்பவள் எவ்வளவு நன்றாக நின்றாலும் யாரும் கைதட்டப் போவதில்லை. உட்கார்ந்தால் மட்டும் கவனிப்பார்கள்.

நாங்கள் போன பார்க்கில் ராட்டினத்தை இயக்குகிற பையனிடம் அம்மா பேச்சுக் கொடுத்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் வரிசையாகப் போய் ஒவ்வொருவரின் மடிக் கம்பியையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். சுற்று ஓடும்போது குடைநிழலில் நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பொத்தான்மேல் வைத்திருந்தான்.

“நீ இதுல ஏறியிருக்கியா தம்பி?”

“சேந்த புதுசுல ஏத்துனாங்கம்மா. இப்ப காசு குடுத்தாலும் ஏற மாட்டேன்.”

“பெறகு லீவுக்கு எங்க போவ?”

“கோவளம் பீச்சு. எங்க வேணா போவோம்மா, பார்க்குக்கு மட்டும் போ மாட்டோம்.”

அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் அப்படிச் சிரித்தது அங்கேதான். ராட்டினத்தில் ஏறவில்லை. பக்கத்து பெஞ்சில், அவன் நாற்காலிக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் ஏறினேன். தலைகீழாகத் தொங்கும்போது, கீழே இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது.

என் கேள்விக்கு ஒரு பாதி விடை அங்கே கிடைத்தது. ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் வேலை செய்வது தவறாக இருக்க வேண்டியதில்லை. அவன் கம்பியை இழுத்துப் பார்க்காவிட்டால் என் கழுத்து முறியும். அது வேண்டிய வேலை. அவனுக்கும் முறை வரும், கோவளத்தில் வேறொருவர் அவனுக்கு மீன் வறுத்துத் தருவார். முறை மாறிக்கொண்டே இருக்கும்வரை நகரம் என்பது ஒரு பெரிய ராட்டினம்தான். இருவர் மேலே இருக்கும்போது இருவர் கீழே. தவறாகிற இடங்கள் இரண்டு. ஒருவருக்கு முறையே வராதபோது. வேலைக்குத் தேவையே இல்லாத தாழ்வை வேலையின் பகுதியாக்கிக் கேட்கும்போது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. என் நண்பன் ஒருவனிடம் சொன்னபோது அவன் கேட்டான்: “இப்படி யோசிச்சா நீ ஒரு கடைக்கும் போக முடியாதுடா. நீ போகலைன்னா அந்தப் பொண்ணுக்கு வேலையும் போகும். உன் குற்ற உணர்ச்சியால அவளுக்கு என்ன பிரயோஜனம்?” நியாயமான கேள்வி. குற்ற உணர்ச்சி பல நேரம் இன்னொரு வகைச் சுகம்தான், அதையும் நாம்தான் அனுபவிக்கிறோம். அம்மா எழுந்து நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்ததே, அது எனக்குக் கிடைத்த சுகம். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது திட்டு. நல்ல மனசு ஒன்றால் மட்டும் அந்த ஸ்டூலின் மேலிருக்கும் கட்டை இறக்க முடியவில்லை.

6

அந்தக் கட்டை யார் இறக்குவது என்ற கேள்வி வெள்ளிக்கிழமை அடையாற்றில் எதிர்பாராத விதமாகத் தொடர்ந்தது.

தியசாபிகல் சொசைட்டியின் தோட்டத்தில் அந்தப் பெரிய ஆலமரம். நானூறு வருடத்துக்கும் மேற்பட்டது என்கிறார்கள். 1989 புயலில் அதன் தாய்த்தண்டு சாய்ந்துவிட்டது. இப்போது நிற்பவை விழுதுகள். அம்மா நிழலில் மெதுவாக நடந்தாள்.

இந்தச் சொசைட்டியில் பி.பி. வாடியா என்று ஒருவர் இருந்தார். பிரம்மஞானம் படிக்க வந்த பார்சிக்காரர். பெரம்பூர்ப் பக்கத்து பி அண்ட் சி மில் தொழிலாளர்களைச் சந்தித்தது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஜி. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, திரு.வி.க. ஆகியோரோடு சேர்ந்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். தொழிலாளர்களின் ஆரம்பக் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. உட்கார்ந்து, மென்று, விழுங்கிச் சாப்பிடக் கொஞ்ச நேரம் கேட்டார்கள்.

ஆன்மாவைப் பற்றிப் பேச வந்தவர் சாப்பாட்டு இடைவேளையில் போய் நின்றதை நான் இறக்கமாகப் பார்க்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாதவருக்கு ஆன்மா இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“அவுக ஒத்தையா கேக்கலல்ல, எல்லாரும் சேந்துதான கேட்டாக?”

“ஆமாம்மா.”

“அதான்” என்றாள். தி.நகரைப் பற்றித்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

7

ஞாயிறு சாயங்காலம் மெரினா. உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் இறங்கினோம். நான்கு பேர் உடம்பை வளைத்து ஒரு பெரும்பாறையை நகர்த்துகிறார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவப்பட்டது. அவர் முதல்வராக இருந்த ஓவியக் கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவர் இதற்காக மணிக்கணக்கில் அசையாமல் நின்றார் என்று சொல்வதுண்டு. உழைப்புக்குச் சிலை வைக்கவும் ஒருவர் நிற்க வேண்டியிருந்திருக்கிறது.

இதே கடற்கரையில், திருவல்லிக்கேணிப் பக்கமும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலுமாக, 1923 மே 1 அன்று சிங்காரவேலர் கூட்டம் நடத்தினார். இந்தியாவில் கொண்டாடப்பட்ட முதல் மே தினம் அது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நம் இஷ்டம் என்பது உலகம் முழுக்க அந்த இயக்கத்தின் கணக்கு. எனக்கு அதில் மூன்றாவது எட்டுதான் பிடிக்கும். இரண்டாவது எட்டு தூங்குவதற்கு, அடுத்த நாள் வேலை செய்ய உடம்பைத் தேற்றுவதற்கு. மூன்றாவதில்தான் கடற்கரை வருகிறது. ஓய்வு உழைப்புக்கான பரிசு என்றால் அதைக் கொடுப்பவர் நிறுத்திவிடலாம். உரிமை என்றால் கேட்டு வாங்கலாம். 1948இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் தன் 24ஆவது பிரிவில் ஓய்வையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் உரிமை என்றே எழுதியது. என் ஒரு வார லீவுக்குப் பின்னால் இந்தக் கடற்கரையில் நின்று பேசியவர்கள் இருக்கிறார்கள். ஹெச்.ஆர். போர்ட்டலில் அது தெரியாது.

நமக்கென்றே ஒரு பண்டிகையும் இருக்கிறது. காணும் பொங்கல். காண்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அன்று மெரினாவில் மணல் தெரியாது. கொத்தனார், வீட்டு வேலை செய்கிறவர், லோடுமேன், தையல்காரர் எல்லோரும் குடும்பத்தோடு, கட்டுச்சோற்றோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். கார் வைத்திருப்பவர்கள் பலர் அன்றைக்கு அந்தப் பக்கம் போவதில்லை, டிராஃபிக் என்பார்கள். சம்பந்தர் பூம்பாவைக்குச் சொன்ன மாதிரியான நாள் என்று இன்றைய சென்னையில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். அன்றும் போலீஸ்காரரும் பஸ் டிரைவரும் வேலையில்தான் இருப்பார்கள். மறுநாள் காலையில் குப்பை அள்ளுகிறவர்களுக்கு அதுதான் வருடத்தின் கஷ்டமான நாளாக இருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருகிற நாள் இன்னும் வரவில்லை. ஆனால் நுழைவுச்சீட்டு இல்லாத, யாரும் யாருக்காகவும் எழ வேண்டியதில்லாத ஒரு இடம் இந்த நகரத்தில் இருக்கிறது. மணலில் எல்லோரும் ஒரே உயரம்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பச்சை நரம்புகளில் காற்றுப் பட்டது. சுண்டல் விற்றுக்கொண்டு வந்த ஓர் அம்மாவைக் கூப்பிட்டு, வாங்கும் முன்னால் உட்காரச் சொன்னாள். இங்கே கேமரா இல்லை. அவர் தூக்கை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் முட்டிவலிக்கு என்ன தைலம் நல்லது என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போது என் போன் அடித்தது. பெங்களூரிலிருந்து மேனேஜர். லீவு மறுநாள் காலைவரை இருக்கிறது. ஆனாலும் எடுத்தேன். ஏதோ சர்வர் விழுந்திருக்கிறது, யாருக்கோ பாஸ்வேர்ட் தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா என் பேண்ட்டைப் பிடித்து இழுத்தாள். குனிந்து பார்த்தேன்.

“ஏய்யா, அவரு என்ன இங்கயா இருக்காரு?”

“யாரும்மா?”

“போன்ல பேசுறவரு. எதுக்கு எந்திரிச்சு நிக்க?”

அப்போதுதான் கவனித்தேன். நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால், அனேகமாக சோபாவில் சாய்ந்திருக்கும் ஒரு மனிதருக்காக, மணலில், செருப்பில்லாமல் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன். எந்தக் கேமராவும் என்னைப் பார்க்கவில்லை. எத்தனை வருடமாக இப்படி நிற்கிறேன் என்றும் தெரியவில்லை.

சுண்டல்கார அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். பாஸ்வேர்டை உட்கார்ந்தே சொன்னேன். சர்வர் எழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.